கடைசி நாழிகைக் கொள்வனவும் கடலுக்குப் போகும் மழையும்

நெருக்கடி என்ற சொல் காதில் விழுந்ததும் யாழ்ப்பாணத்தான் செய்யும் முதற் காரியம் யாது? கடைக்கு ஓடுகிறான். அரிசியில் இரண்டு மூட்டை, சீனியில் பத்துக் கிலோ, மண்ணெண்ணெய் கிடைத்த மட்டும். வீடு திரும்பியதும் அண்டா, குடம், வாளி, பிள்ளை குளிக்கும் பேசின் உட்பட அகப்பட்ட பாத்திரமனைத்தையும் தண்ணீரால் நிரப்புகிறான். அன்றிரவு நிம்மதியாக உறங்குகிறான். இதற்கு முன்யோசனை என்று பெயரும் சூட்டிக்கொள்கிறான். முன்யோசனை அன்று இது. அயலவன் பானைக்குள் கைவிடும் செயல். இதுவே எமது குற்றச்சாட்டு. அதனை எண்பிக்கும் பொறுப்பு எம்முடையது என்பதையும் ஏற்றுக்கொண்டே தொடங்குகிறோம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு கிராமத்துக் கடைகளில் ஆயிரம் குடும்பங்களுக்குப் பத்து நாளைக்குப் போதுமான அரிசி இருக்கிறதென வைத்துக்கொள்வோம். முதலில் வந்த நூறு குடும்பங்கள் நூறு நாளைக்கென்று வாங்கினால் கடை துடைத்துவிடப்படும். எஞ்சிய தொள்ளாயிரம் குடும்பங்களுக்கு மறுநாட் காலையிலேயே பஞ்சம். அந்தப் பஞ்சம் கடல் தாண்டி வரவில்லை; படைமுகாமிலிருந்தும் வரவில்லை; சந்திக் கடையிலிருந்தே புறப்பட்டது. முதலில் வந்த அந்த நூறு குடும்பங்கள் யாருடையவை? மாதச் சம்பளக்காரருடையவை, வங்கியிற் பணமுள்ளோருடையவை, வாகனமுள்ளோருடையவை. அன்றாடக் கூலிக்குத் தோட்டங் கொத்துபவனும் வலை இழுப்பவனும் அன்று மாலை கூலி கைக்கு வந்த பின்னரே கடைப்படி ஏற முடியும். அவன் வரும்போது வெறுஞ் சாக்குத்தான் தொங்கும். இந்த ஏட்டைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர், சட்டத்தரணி யாவரும் இதனைத் தம்மை நோக்கிச் சொல்லப்பட்டதாகவே கொள்க. வேறு யாரையும் நோக்கிச் சொல்லவில்லை.

இது கற்பனைக் கணக்கென்று தள்ள முடியாது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆந் திகதி முகமாலையிற் சண்டை வெடித்து ஏ-9 பாதை மூடப்பட்டபோது நடந்தது என்ன? குடாநாடு கப்பலையே நம்பிக் கிடந்தது. விலைகள் வானளாவின. கூட்டுறவுக் கடை வாசல்களிற் குடும்ப அட்டையுடன் மக்கள் விடியுமுன்னே வரிசையில் நின்றனர். கடலிற் போகத் தடை, வீதியில் ஊரடங்கு. உழைப்பே நின்றுபோனவனுக்கு வரிசையில் நிற்பதுதான் தொழிலாயிற்று. அதே நாட்களிற் சில வீடுகளின் பின்னறையில் மூட்டைகளுக்கு வண்டு விழுந்தது. எம்மவரில் இதை அறியாதார் யார்?

வணிகரையும் விட்டுவிடுவதற்கில்லை. எரிகிற வீட்டிற் பிடுங்கினது இலாபம் என்பவருக்குச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கையிலுள்ள பண்டத்தை விற்க மறுப்பதும், இல்லையென்று மறைப்பதும், பதுக்குவதும் குற்றங்கள். நன்று. ஆனால் பின்கதவாற் பத்து மூட்டையை ஒளிப்பவனைப் பிடிக்கும் சட்டம், முன்கதவாற் பத்து மூட்டையைத் தூக்கிச் செல்பவனைத் தொடுவதில்லை. இரண்டின் விளைவும் ஒன்றே. சட்டம் மௌனமாயிருக்கும் இடத்தில் ஊரே விதி செய்தல் வேண்டும்.

இனி, மூட்டை கட்டிய கனவானுக்காவது அந்த மூட்டை உதவிற்றா? 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியபின் மின்சாரம் போயிற்று. எரிபொருள், பற்றரி, உரம், சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. அது பத்து நாளில் முடிந்த நெருக்கடியா? ஆண்டுக்கணக்கில் நீடித்தது. எந்த வீட்டுக் களஞ்சியம் அத்தனை காலம் தாங்கும்? அந்நாளில் எம்மைக் காப்பாற்றியவை வேறு. ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டுச் சொட்டு எண்ணெயில் எரிந்த விளக்கு. சைக்கிள் டைனமோவிற் பாடிய வானொலி. மண்ணெண்ணெயில் ஓடிய கார். ஒடியல் மா, குரக்கன், வீட்டுக் கோடியில் நின்ற மரவள்ளி. எல்லாவற்றுக்கும் மேலாக, கயிறும் வாளியுங் கொண்டு இறைக்கக்கூடிய கிணறு. இவற்றில் ஒன்றேனும் கடைசி நாளில் ஓடிச்சென்று வாங்கியதன்று. பழக்கத்திலும் நிலத்திலும் முன்னரே இருந்தவை.

பின்னர் 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வந்தது. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தையும் கைதடி வீதியையும் நோக்கி நடந்தது. பத்து மூட்டை வைத்திருந்தவன் அந்தப் பத்து மூட்டையையும் விட்டுவிட்டே நடந்தான். தோளில் ஏற்றக்கூடியதுதான் அவன் சொத்து. தென்மராட்சியில் அவன் கைநீட்டி வாங்கிய குடிநீர் அவன் சேர்த்துவைத்த நீரன்று. ஆரோ ஒரு தென்மராட்சியான் தன் கிணற்றடியைத் திறந்துவிட்டதால் வந்த நீர். தனியார் பதுக்கலுக்கு இதைவிடப் பெரிய குறுக்கு விசாரணை எந்த நீதிமன்றிலும் நடந்ததில்லை.

தண்ணீர் விடயத்தில் எமது அறியாமை இன்னும் கொடிது. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. வடகீழ்ப் பருவமழை பெய்யும் மூன்று மாதங்களில் நிலம் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவே ஆண்டு முழுமைக்கும் எமது செல்வம். அந்நன்னீர் சுண்ணக்கல்லின் துவாரங்களுக்குள், கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்குமென்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மறுதலையாக, மேலே ஓரடி இறைத்துத் தள்ளினால் கீழிருந்து உப்பு அத்தனை விரைவாய் மேலெழும். புத்தூர் நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கண்ட சாட்சி: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர்.

இதை அறிந்தபின், நெருக்கடி நாளிற் கூரைமேலிருக்கும் தாங்கியை மோட்டர் போட்டு நிரப்புவதைத் தண்ணீர் சேமிப்பு என்று சொல்லலாமா? ஒரு சொட்டும் அதனாற் கூடுவதில்லை. எல்லாருக்கும் பொதுவான நிலத்தடிப் பானையிலிருந்து ஒருவன் தன் பிளாஸ்ரிக் பானைக்கு மாற்றிக்கொள்கிறான்; அவ்வளவே. ஆயிரம் லீற்றர் தாங்கி, ஐவர் உள்ள வீட்டில், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர் வீதம் ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். அதே வீட்டின் ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 2,360 லீற்றர்! மாரி முழுவதும் விழுவதைக் கூட்டிப் பார்க்க விரும்புவோர் பார்க்கட்டும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்குப் பத்து லீற்றர் போதுமென்றால், கோடையின் 120 நாட்களுக்கு அவ்வீட்டுக்கு வேண்டியது 6,000 லீற்றர். மூன்று நல்ல மழையில் நிரம்பக்கூடியது. அதனைப் பீலி வழியே முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து ஒழுங்கைக்கும், ஒழுங்கையிலிருந்து கடலுக்கும் அனுப்பிவிட்டு, வைகாசியிற் பவுசர் எப்போது வருமென்று பிரதேச சபைக்குத் தொலைபேசி எடுப்பவர்களே நாம். மழைநீர் சேகரிப்பைக் கட்டட ஒழுங்குவிதிக்குட் கொண்டுவர நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் 2007ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு அனுமதி பெற்றுவிட்டுப் பின்னர் தாங்கியைக் கட்டாதுவிடும் கலையில் எமது படித்த வர்க்கம் கைதேர்ந்தது.

கிணறு என்றவுடன் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிக்கு உறுதிகளே ஞாபகம் வரும். காணியை எழுதும்போது கிணற்றிற் பங்கும், நீர் பாயும் வாய்க்காலும், வழியும் சேர்த்தெழுதுவது எமது வழமை. எட்டில் ஒன்றுக்கும் பதினாறில் ஒன்றுக்குமாக அண்ணன் தம்பிமார் வழக்காடி, கிணற்றின் பெறுமதியைவிடக் கூடிய பணத்தை எம்மவரிடமே கொட்டியிருக்கிறார்கள். ஆனால் எந்த உறுதியிலும் பங்கில்லாதோரும் இந்த மண்ணில் வாழ்ந்தனர். கப்பியைத் தொடவிடாது, யாராவது உயர்சாதியார் இரங்கி அள்ளி ஊற்றும்வரை குடத்துடன் எட்டி நிற்கவைக்கப்பட்டோர் அவர்கள். அக்கொடுமை தலைநிமிர்ந்து நிற்கும் காலம் போயிற்று என்கிறோம். நெருக்கடி வரும்போது பார்க்கவேண்டும். சொந்தக் கிணறில்லாத குடியிருப்புகளில் இன்றும் தண்ணீருக்காக முதலில் தவிப்போர் யாரென்று எண்ணிப் பார்த்தால், பழைய கணக்குப் புதிய புத்தகத்திற் பதியப்பட்டிருப்பது தெரியும்.

"தாளையடியிற் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை?" என்போர் உளர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் அது திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. நாம் அதனை வரவேற்கிறோம். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் தம் வயலை எண்ணி எதிர்த்ததன்பின் கண்ட வழி அது. அவர்களின் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆயினும் அந்நிலையம் மின்சாரத்தில் ஓடுவது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி இலங்கைத் தீவு முழுவதும் இருளில் மூழ்கியது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் விளக்கமளித்தார். ஒரு குரங்கினால் நிறுத்தக்கூடிய குடிநீரை நம்பி, கிணற்றுக் கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்பவன் புத்திசாலியா?

குளங்களின் கதையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். குடாநாட்டிலே ஒவ்வொரு குறிச்சிக்கும் குளமும் கேணியும் வெட்டியவர்கள் பொறியியல் பட்டம் பெற்றவர்களல்லர். மழைநீரைச் சில வாரம் மறித்து நிலத்துக்குள் இறக்கினாற்தான் கோடையிற் கிணறு இனிக்குமென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று சில குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், சில உள்ளூராட்சி மன்றங்களின் கீழ், சில கோயில்களின் பொறுப்பில். எவர் தூர்வாருவது என்ற கேள்விக்கு விடை வருமுன் குப்பை வந்து நிரப்பிவிடுகிறது, குப்பைக்குமேல் மதில் எழும்புகிறது, மதிலுக்குள் வீடு. பெருந்திட்டங்களின் கதியும் வேறன்று. வடமராட்சிக் கடனீரேரியை நன்னீராக்கும் யோசனையை அரசாங்க அதிபர் துவைனம் 1879ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1953இற் கட்டப்பட்டது. ஆனையிறவு நீரை வடமராட்சிக்குத் திருப்பி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தரும் திட்டத்தைப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் வகுத்தார். முள்ளியானில் வெட்டவேண்டிய கால்வாய் ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர். அத்திட்டம் முழு வடிவில் இன்றுவரை நிறைவேறவில்லை. அந்த நான்கு கிலோமீற்றரைக் கேட்டு எத்தனை தேர்தல் மேடைகளில் எத்தனை பேர் தொண்டை கிழியப் பேசினர் என்று விரல்விட்டு எண்ணலாம். ஒரு கையே அதிகம்.

விலை கொடுத்து வாங்க முடியும் என்ற செருக்குள்ளவர் சுன்னாகத்தையும் நினைக்கட்டும். மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தபோது பங்குக்கிணறும் பணக்காரன் கிணறும் ஒன்றாகவே நாறின. உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில், மாசாக்கிய தனியார் கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. சிறந்த தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு கிணற்றைக் கழுவாது. நைத்திரேற்றை வரம்பின்றிக் கொட்டி வலிகாமத்துக் கிணறுகளிற் பலவற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கும் தோட்டக்காரரும் இவ்விடத்தில் ஒரு கணம் நிற்க.

தோட்டக்காரருக்கு நெருக்கடியின் பாடத்தை யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் நிறுத்தப்பட்டது. 2022 ஆகஸ்டில் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் லீற்றர் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. வெங்காயத்துக்கு நீரிறைக்கும் இயந்திரமும் கடலிற் போகும் வள்ளமும் ஒருங்கே நின்றன. அன்று எத்தனை கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒரு மாதத்துக்கேனும் எண்ணெய் இருப்பு இருந்தது? எத்தனை ஊர்களில் விதை வெங்காயமும் விதைநெல்லும் பொதுவாகக் காக்கப்பட்டிருந்தன?

அரசாங்கத்தின் கடமையை நாம் ஏன் எமது தலையில் ஏற்றவேண்டும் என்ற கேள்வி எழும். கடமை அரசாங்கத்தினுடையதே, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அதற்கென்றே உள்ளது. கடமை தவறியவனைக் கூண்டில் ஏற்றுவதில் எமக்குப் பின்னிற்கும் எண்ணமில்லை. ஆனால் பாதையை மூடியவனிடமே பானையை நிரப்பித் தா என்று மனுப் போட்டுவிட்டு உலையை ஏற்றிக் காத்திருந்த இனம் நாம். மனு ஒரு பக்கம் போகட்டும். சங்கக் கடையின் களஞ்சியம் மறுபக்கம் நிறையட்டும்.

கேட்பது பெரிய காரியமன்று. ஒவ்வொரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமும் தன் அங்கத்தவருக்கு அறுபது நாளைக்கான அரிசி, பருப்பு, உப்பு, மண்ணெண்ணெய் ஆகியவற்றை எந்நாளும் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். பழையதை விற்றுப் புதியதை இறக்கினால் அது வியாபாரம், நட்டமன்று. நெருக்கடி அறிவிக்கப்பட்ட நாள்முதல் அட்டைக்கு இவ்வளவு என்ற அளவு முன்கூட்டியே எழுதி வாசலில் ஒட்டப்படல் வேண்டும். வைத்தியருக்கும் அதே அளவு, வண்டிற்காரனுக்கும் அதே அளவு. முதல் போதாதென்றால், கோபுரத்துக்கு இரண்டாம் முறை வர்ணம் பூச இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பணம் வருகிறதல்லவா, அதிலொரு பங்கைக் கேட்க வெட்கப்படவேண்டாம். ஊர்க் குளத்தைப் புரட்டாதி முடியுமுன் தூர்வாரி, வாய்க்காலின் வாயைத் திறந்துவிடல் வேண்டும். ஐப்பசியில் மண்வெட்டியைத் தூக்கினால் சேறுதான் மிஞ்சும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் செல்லுங்கள். கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது உறங்காதீர்கள். இருப்புக்கென ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று எழுந்து கேளுங்கள். இல்லையென்று பதில் வந்தால், அந்த அறிக்கையை அங்கீகரிக்க வேண்டாமென்று கையை உயர்த்துங்கள். உங்கள் கை எதிராக உயர்ந்ததைக் கூட்டக் குறிப்பேட்டிற் பதியுமாறும் கோருங்கள்.