கரியமில வாயுவும் அடுப்பில் எரியுமா?

“எங்கள் வீட்டில் 2 கன மீட்டர் சாண எரிவாயு கலன் இருக்கிறது. கொஞ்ச நாளாக காஸ் குறைவு. கலனில் வரும் கரியமில வாயுவையும் எரிவாயுவாக மாற்றும் நுண்ணுயிர் திரவம் என்று, லிட்டர் 900 ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?”
- வாசகி ஒருவர், செய்யாறு.

வாங்க வேண்டாம். நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை மீத்தேனாக மாற்றும் என்பது உண்மைதான். ஆனால், அதற்கு ஹைட்ரஜன் வேண்டும். அது அந்தப் பாட்டிலில் வராது.

சாண எரிவாயுவில் 55 முதல் 60 சதவிகிதம் மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு, அது எரியாது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரை ஒட்டிய அவெடோரே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், இந்தக் கரியமில வாயுவை மீத்தேனாக்கும் 1 மெகாவாட் ஆலையை 2016-ம் ஆண்டு இயக்கிக் காட்டினார்கள். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். 60 டிகிரிக்கு மேல் சூடான தொட்டியில் ஆர்க்கியா என்ற நுண்ணுயிருக்கு இரண்டு வாயுவையும் ஊட்டினார்கள். காற்றாலைகளில் மிஞ்சும் மின்சாரத்தை வாயுவாகச் சேமிக்கவே இந்த ஏற்பாடு.

வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. ஒரு பங்கு கரியமில வாயுவுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் தேவை. 1 கன மீட்டர் ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 5 யூனிட் மின்சாரம் செலவாகும். 2 கன மீட்டர் கலனில் தினமும் வரும் சுமார் 0.8 கன மீட்டர் கரியமில வாயுவை மாற்ற 16 யூனிட் வேண்டும். அதில் கிடைக்கும் மீத்தேனின் வெப்பமோ 8 யூனிட் அளவுதான். அதற்கு மின் அடுப்பிலேயே சமைத்துவிடலாம்!

தவிர, மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் மாட்டின் வயிற்றிலேயே இருக்கின்றன. சாணத்தோடு இலவசமாகக் கலனுக்குள் வந்துவிடுகின்றன. கலனில் உண்டாகும் சிறிதளவு ஹைட்ரஜனையும் அவையே தின்று தீர்த்துவிடும். பந்தியில் ஆளைக் கூட்டினால் சோறு கூடுமா?

காஸ் குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் தொழுவத்தில்தான் இருக்கும். இந்த அளவு கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணமும், அதே அளவு தண்ணீரும் போக வேண்டும். மாடு ஒன்றை விற்றிருந்தால்கூட வித்தியாசம் தெரியும். பினாயில், சோப்பு கலந்த தொழுவக் கழுநீர் உள்ளே போகக் கூடாது. ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தைச் சில நாள்களுக்குத் தனியாக எருக்குழியில் போடலாம். மார்கழி, தை குளிரில் காஸ் குறைவது இயல்பு. வெயிலில் வைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் மதியம் கரைத்து ஊற்றலாம். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். காஸ் அறவே நின்றுவிட்டால், நன்றாக ஓடும் பக்கத்துக் கலனிலிருந்து சில குடம் சாணக்கரைசல் வாங்கி ஊற்றலாம்.