பெண் பள்ளிக்கூடத்தில் சுத்தியல் கூடாதா?

சித்திரை மாதம் வந்தால் மதுரையில் ஒரு பெண்ணுக்குப் பட்டாபிஷேகம் செய்து, கையில் செங்கோலும் கொடுத்து, மறுநாள் திக்குவிஜயம் என்று சண்டைக்கும் அனுப்பி வைக்கிறார்கள். அவள் விக்கிரகமானதால் ஒருவருக்கும் ஆட்சேபணையில்லை. அதே மாசி வீதியிலுள்ள வீட்டுப் பெண் "நான் மெஷின் வேலை படிக்கிறேன்" என்றால் மாத்திரம், "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு அது?" என்கிறார்கள்.

பெண் பள்ளிக்கூடங்களில் கைத்தொழில் என்பதாக ஒன்று உண்டு. பெரும்பாலும் அது தையலும் பூவேலையுந்தான். நாம் தையலை இகழ வரவில்லை. தட்டையான துணியை அளவு குறித்து வெட்டி, துண்டு வீணாகாமல், வளைவும் நெளிவுமான உடம்புக்குப் பொருத்துகிறாளே, அது க்ஷேத்திர கணிதமல்லாமல் வேறென்ன? தகரப் பட்டறைக்காரன் வாளி செய்வதும் அதே கணக்குத்தான். ஆனால் அவனுக்குத் தொழிலாளி என்று பெயர்; இவளுக்குக் குடும்பப்பாங்கு என்று பெயர். மெஷினை மிதிக்க இவளுக்கு உரிமையுண்டு. மேல்நூலும் பாபின் நூலும் உள்ளே எப்படிப் பின்னிக் கொள்ளுகின்றன என்பதை யார் இவளுக்குத் திறந்து காட்டினார்கள்? மெஷின் நின்றுவிட்டால் கடைவீதியிலிருந்து ஓர் ஆண்பிள்ளை வந்தாக வேண்டும். சுவாமியைப் பார்க்கலாம், கர்ப்பக்கிருகத்துக்குள் போகக்கூடாது என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்?

பலம் போதாதாம். மேலூர், திருமங்கலம் பக்கம் கட்டட வேலை நடக்குமிடத்தில் போய்ப் பாருங்கள். சாந்துச் சட்டியைச் சுமந்து சாரம் ஏறுகிறவள் சித்தாள். கரணையும் தூக்குக்குண்டும் பிடிக்கிறவன் கொத்தன். கூலி யாருக்கு அதிகம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

புத்தி போதாதென்றால், லலிதா அம்மையார் சங்கதியைக் கேளுங்கள். 15 வயதில் கலியாணம். 18 வயதில் 4 மாதக் குழந்தையோடு விதவை. வைதீகப்படி மூலையில் உட்காராமல், கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் மின்சாரப் படிப்புப் படித்து 1943-ல் தேறினார். லீலம்மா ஜார்ஜ், திரேசியா என்ற இரு பெண்களும் அங்கே கட்டட இஞ்சினீயரிங் படித்தார்கள். பட்டப் பத்திரத்தில் அச்சாகியிருந்த 'அவன்' என்பதை அடித்து, 'அவள்' என்று பேனாவால் எழுத வேண்டியதாயிற்று! பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையிலும் லலிதா பிற்காலத்தில் பங்கெடுத்தார்.

ஆனால் அவருடைய தகப்பனார் அதே காலேஜில் புரொபசர். உசிலம்பட்டிச் சித்தாளின் மகளுக்கு அப்படியொரு தகப்பனார் ஏது? அவளுக்குப் பள்ளிக்கூடந்தான் கதி. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022-ல் ஏற்பட்ட திட்டப்படி, அரசுப் பள்ளியில் படித்த பெண் மேலே படிக்க மாதம் 1000 ரூபாய் தருவது நல்ல காரியமே. என்றாலும் பள்ளிக்கூடத்தில் ஒரு ஸ்குரூவைக்கூடத் திருகிப் பாராதவள், அந்த ரூபாயை வைத்துக்கொண்டு எந்தத் தைரியத்தில் மெக்கானிக்கல் படிப்பைக் கேட்பாள்?

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும். அந்தத் தாய்மார்கள் அடுத்த கூட்டத்தில் மரவேலைப் பட்டடை, அரம், ரம்பம், துளைக் கருவி, பற்றவைக்கும் கோல் ஆகியவற்றை எழுதிக் கேட்கட்டும். அதுவரையில், இருக்கிற தையல் மெஷினையாவது அடி முதல் நுனி வரை பிரித்துப் பூட்டப் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்கச் சொல்லட்டும். அதற்குக் காலணா செலவில்லை.