குதிரையோட ஒரு நாள் விளையாண்டேன், அதுக்கென்ன இப்ப?

போன தை மாசம் ஊட்டியில் எங்க மாமா வீட்டில் ஒரு நாள் முழுக்கக் குதிரைகளோடு கிடந்தேன். அதை எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். ‘சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, பஞ்சமி நிலம் பறிபோச்சு, நீங்க குதிரை விளையாட்ட எழுதப்போறீங்களாக்கும். ஜமீன்தார் ஆசை வந்துருச்சா?’ என்றார். அவருக்கான பதில் இது. தலித் எழுத்து என்றால் ரத்தமும் கண்ணீரும் மட்டும்தான் வரணும், சிரிப்பு வந்தால் தீட்டு என்று நமக்கு அளவுகோல் நீட்டுகிற எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

மாமா சிவகங்கைப் பக்கத்துச் சேரியிலிருந்து பிழைக்கப் போனவர். உருளைக்கிழங்குக் காட்டில் கூலி, அப்புறம் ஒரு குதிரைக்காரரிடம் லத்தி அள்ளுகிற வேலை, அப்புறம் கடன்பட்டுச் சொந்தமாக ஒரு குதிரை. இப்போது ஒரு பெரிய குதிரையும் இரண்டு மட்டக்குதிரைகளும் இருக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் மேலே உட்கார, இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நடப்பார். இருபது வருசமாய் அப்படி நடந்த கால்கள்.

அன்றைக்குச் சவாரி இல்லை. விடியக்காலம் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி உறைபனி. தொட்டித் தண்ணீர்மேல் கண்ணாடி போல ஏடு கட்டியிருந்தது. குளிருக்கு மயிர் அடர்ந்து மட்டக்குதிரைகள் கரடிக்குட்டி மாதிரி நின்றன. அதில் ஒன்று மூணு வயசு, இன்னும் யாரும் ஏறாதது. அதைப் பழக்குகிற நாள் அது. கூட ஒன்பது வயசு என் மகள்.

‘பின்னாடி போகாத தாயி. நேர் பின்னாடி அதுக்குக் கண்ணு தெரியாது, பயந்தா ஒதைக்கும். தோள்பட்டைப் பக்கமா, பேசிக்கிட்டே வா. காதப் பாரு. முன்னாடி நிமிந்துச்சுன்னா நம்மளக் கவனிக்குது. பின்னாடி மடிஞ்சு ஒட்டுச்சுன்னா கோவம்.’

நீளக் கயிற்றில் அதை வட்டமாக நடக்கவிட்டார். ‘ஓ...’ என்று குரல் கொடுத்தார். நின்றது. நின்ற நொடியில் கயிறு தளர்ந்தது. என்னிடம் சொன்னார்: ‘இழுக்க யாருக்கும் தெரியும் மாப்ள. எப்ப விடணும்னு தெரியணும். சொன்னதக் கேட்டுச்சா, அப்பவே விட்ரணும். அடிச்சுப் பழக்குன குதிர என்னைக்காவது ஆளக் கவுத்துரும்.’ பிறகு ஒரு கோணிச்சாக்கை மோந்து பார்க்கவிட்டு முதுகில் போட்டார். மூணு தடவை உதறித் தள்ளியது. நாலாம் தடவை தாங்கிக்கொண்டது. அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். அவித்த கொள்ளு ஒரு கை கிடைத்தது அதற்கு.

வெயில் ஏறியதும் மூன்றையும் அவிழ்த்துவிட்டோம். புல்லில் மல்லாந்து புரண்டன, ஒன்றையொன்று விரட்டின. மூணு வயசுக்காரன் பின்னால் வந்து என் குல்லாவைப் பல்லால் கவ்விக்கொண்டு ஓடினான். நான் துரத்த, மகள் துரத்த, கடைசியில் மாமாவும் துரத்தினார். அவர் அப்படிச் சிரித்து ஓடி நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் வயசான மட்டக்குதிரைமேல் மகளை ஏற்றினார். கயிற்றைப் பிடிக்காமல் பக்கத்தில் நடந்தார்.

அப்போதுதான் சொன்னார்: ‘இதுல ஒண்ண நம்ம ஊருக்கு ஓட்டிட்டுப் போயி, நம்ம தெருவுல ஏறி, பெரிய தெரு வழியாப் போவணும்டா.’

‘போவோம் மாமா.’

‘போகலாம். குதிரைக்கு ஒண்ணும் ஆகாது. மறுநா நம்ம புள்ளைகளுக்கு என்ன ஆகும்னுதான்...’ அதோடு நிறுத்திக்கொண்டார்.

தோழரே, நீங்கள் சிரித்த இடம் இதுதான். இப்போது கணக்கைப் பார்ப்போம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். சட்டை போடாதே, செருப்புப் போடாதே, குடை பிடிக்காதே, நகை போடாதே என்று போகும் அந்தப் பட்டியல். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் இன்னும் பதினொரு தடைகள். அதில் ஒன்று: கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகிற வழக்கத்தை நிறுத்த வேண்டும். பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவைக் கழற்றிப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ‘வழக்கத்தை நிறுத்து’ என்கிறான், கவனியுங்கள். அதாவது நம்ம ஆள் ஏறிப் போயிருக்கிறான். போனதைப் பார்த்துத்தான் வயிறு எரிந்திருக்கிறது.

அதே பட்டியலில் வேறென்ன இருக்கிறது? சொந்த நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மிராசுதாரிடம் வேலை செய்ய வேண்டும். நிலத்தை முதலில் பேசு, குதிரையை அப்புறம் பேசு என்கிறீர்கள். நிலத்தைப் பிடுங்கியவன் இரண்டையும் ஒரே தாளில்தான் எழுதினான். நமக்கு உழைக்க மட்டும்தான் உடம்பு, ஆட, ஏற, சிரிக்க உடம்பு கிடையாது என்பது அவன் திட்டம். அந்தத் திட்டத்துக்கு நாம் ஏன் முற்போக்குக் கையெழுத்துப் போடணும்?

பழங்கதை என்பீர்கள். 2018 மார்ச்சில் குஜராத் பவநகர் மாவட்டம் டிம்பி கிராமத்தில் 21 வயசு தலித் பையன் வெட்டிக் கொல்லப்பட்டான். ஆசைப்பட்டு ஒரு குதிரை வாங்கி ஓட்டினான். குதிரையில் ஏறாதே, விற்றுவிடு என்று மிரட்டினார்கள் என்பது அவன் தகப்பன் கொடுத்த புகார். அதே வருசம் ஜூலையில் உத்தரப்பிரதேசம் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு தலித் மாப்பிள்ளை, பல மாதம் அதிகாரிகளிடமும் கோர்ட்டிலும் அலைந்து, போலீஸ் படை சூழக் குதிரை வண்டியில் கல்யாண ஊர்வலம் போனார். ஒரு மனுசன் கல்யாணத்துக்குக் குதிரை வண்டி ஏற அரசாங்கமே பந்தோபஸ்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதில் கூத்து என்னவென்றால், குதிரைமேல் போட்டிருக்கிற தோல் யாருடையது? சேணத்துக்குப் பேர்போன கான்பூரில் தலைமுறை தலைமுறையாய்த் தோலோடு மல்லுக்கட்டியவர்களில் பெரும்பகுதி சமார் மக்கள். சேணத்துக்குத் தோல் பதப்படுத்தலாம், லத்தி அள்ளலாம், கயிறு பிடித்து நடக்கலாம். மேலே உட்கார்ந்தால்தான் குற்றம். மதுரைவீரனைப் பாருங்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் என்கிறது கதை. மாறுகால் மாறுகை வாங்கிக் கொன்றபின் சாமியாக்கி, குதிரைமேல் உட்காரவைத்துக் கும்பிடுகிறார்கள். செத்தால் ஏறலாம், உயிரோடு ஏறக்கூடாது.

ஜமீன்தார் ஆசையா என்ற கேள்விக்கும் வருகிறேன். மேல்சாதிக்காரன் செய்வதைக் காப்பியடிப்பது விடுதலை ஆகாது என்ற கவலை நியாயமானது. ஏறுவது மட்டும்தான் ஆசை என்றால் அந்தக் கேள்வி சரி. ஜமீன்தாருக்குக் குதிரை உயரம் காட்டுகிற சாமான். கீழே நடக்கிறவன் தெரிந்தால்தான் அவனுக்கு அந்த உயரம் ருசிக்கும். எங்க மாமா குதிரையின் காதைப் படிக்கிறார், அதன் பயத்துக்கு இடம் கொடுக்கிறார், கேட்டதும் கயிற்றை விடுகிறார். கேட்டாலும் விடாமல் மூவாயிரம் வருசமாய்க் கயிற்றை இறுக்கியே பழகியவர்கள் அவரிடம் வந்து பாடம் படிக்கட்டும்.

அதனால்தான் அந்த ஒரு நாளை எழுதுகிறேன். என் மகள் குதிரைமேல் உட்கார்ந்தாள், யாரும் கல்லெறியவில்லை, சாயங்காலம் பசியோடு வீட்டுக்கு வந்து சுடுசோறு தின்றோம். அழுததை எழுதிய கைதான் இதையும் எழுதுகிறது. நம்ம பிள்ளைகள் விளையாடிய நாட்களையும் எழுதுங்கள், அது நம்ம கணக்கில் வரவு.

மாமா சொன்ன பெரிய தெரு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. சிரித்த தோழர் கூட வருவதாக இருந்தால் தேதி குறிக்கலாம்.