வாட்டும் வாட் கணக்கு

ஹெட்போனுக்கென்று தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கும் பழக்கம் நம் ஊரில் சமீபத்தியது. வாக்மேன் காலத்தில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. செருகினோம், கேட்டோம். இப்போது உள்ளங்கை அளவிலிருந்து செங்கல் அளவு வரை, சில ஆயிரத்திலிருந்து லட்சம் ரூபாய்க்கு மேலும் கிடைக்கிறது. விற்பவர் சொல்லும் முதல் வாக்கியத்தில் வாட் இருக்கும். வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். எந்தக் கருவியோடு சேர்க்கப் போகிறீர்கள் என்று மட்டும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

(தமிழில் இதை என்னவென்று சொல்வது? ஒலிபெருக்கி என்றால் கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் நினைவுக்கு வருகிறது. வெறும் பெருக்கி என்றால் விளக்குமாறு. ஆம்ப் என்றே வைத்துக்கொள்வோம்.)

முதலில் வாட் விவகாரத்தை முடித்துவிடலாம். 500 மில்லிவாட் ஆம்புக்கும் 1,000 மில்லிவாட் ஆம்புக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கலாம். காதில் அது வெறும் 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் கொஞ்சம் கூடியிருப்பது தெரியும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதாவது பத்து மடங்கு சக்தி. சாதாரண ஹெட்போன்கள் பல, சில மில்லிவாட்டிலேயே காதைப் பொத்திக்கொள்ள வைத்துவிடும்.

உண்மையில் பார்க்க வேண்டியது, ஆம்புக்குள் என்ன நுழைகிறது என்பதை. வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் ஒரே அளவில் பேசுவதில்லை. சிடி பிளேயரின் பின்புறத்திலிருந்து வருவது உச்சத்தில் சுமார் 2 வோல்ட். கேசட் டெக்கிலிருந்து அரை வோல்ட்டோ அதற்கும் குறைவாகவோ வரும். ரெக்கார்ட் பிளேயரின் ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடியோடு ஒப்பிட்டால் 400இல் ஒரு பங்கு. இந்த மூன்றையும் ஒரே ஆம்பில் மாற்றி மாற்றிச் செருகுபவருக்கு, ஆம்ப் உள்ளே வருவதை எத்தனை மடங்காக்குகிறது என்பதுதான் முக்கியம். இதற்கு கெயின் என்று பெயர். பெட்டியின் மேல் வாட் கொட்டை எழுத்தில் இருக்கும். கெயின், உள்ளே இருக்கும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும்.

கெயின் பற்றிப் புரியவைக்க ஓ2 ஆம்பைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2011இல் 'என்டபிள்யு ஏவி கை' என்ற புனைபெயரில் ஒரு பொறியாளர் இதன் வரைபடத்தை இலவசமாக வெளியிட்டார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி. எதை எப்படி அளந்தேன் என்பதையும் விளக்கமாக எழுதினார். பல மடங்கு விலையுள்ள ஆம்புகள் அந்த அளவீடுகளுக்கு முன் தலைகுனிய நேர்ந்தது. 2012க்குப் பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை. யார் அவர் என்பதும் ஊரறியாத ரகசியமாகவே நின்றுவிட்டது. அவருடைய ஆம்பை இன்றும் பலர் செய்துகொள்கிறார்கள்.

ஓ2வில் ஒரு பொத்தான் உண்டு. ஒரு பக்கம் 2.5 மடங்கு, மறு பக்கம் 6.5 மடங்கு. வால்யூம் திருகு இந்தப் பெருக்கலுக்குப் பிறகுதான் வருகிறது. சிடி பிளேயரின் 2 வோல்ட்டை 6.5 மடங்கு நிலையில் விட்டால் 13 வோல்ட் ஆக வேண்டும். அந்தச் சுற்றால் சுமார் 7 வோல்ட்டுக்கு மேல் தர முடியாது. ஆக, உச்சஸ்தாயியும் மிருதங்கத்தின் அடியும் தலை வெட்டப்பட்டே வெளியே வரும். வால்யூமைக் குறைத்தால், கரகரப்பும் குறைந்த சத்தத்தில் கேட்குமே தவிரப் போகாது. ஆம்ப் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கத் தோன்றும். பொத்தானை அழுத்தினால் தீர்ந்துவிடும் வியாதி இது.

எல்லா ஆம்பிலும் அமைப்பு இப்படி இல்லை. பலவற்றில் வால்யூம் முதலில், பெருக்கல் பிறகு. அங்கே கெயின் அதிகமானால் தொல்லை வேறு விதம். திருகைத் தொட்டவுடன் சத்தம் பாய்கிறது. சாதாரணத் திருகுகள் ஆரம்ப முனையில் இடது, வலது இரண்டையும் சமமாகத் திறப்பதில்லை. பாடகர் ஒரு காதுப் பக்கம் ஒதுங்கி நிற்பார். சிடிக்கும் கம்ப்யூட்டருக்கும் குறைந்த கெயின், கேசட்டுக்கு அதிகக் கெயின் என்று இரண்டு நிலை உள்ள ஆம்பை வாங்குவது நல்லது. அந்தப் பொத்தானுக்காக வாட்டில் பாதியை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ரெக்கார்ட் பிளேயருக்கு எந்தக் கெயினும் போதாது. இசைத்தட்டில் கீழ்ஸ்வரங்களைக் குறைத்தும் மேல்ஸ்வரங்களைக் கூட்டியும்தான் பதிவு செய்கிறார்கள். அதைத் திரும்ப நேர்படுத்தி, நூறு மடங்கு அளவுக்கு உயர்த்தித் தர ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற தனிக் கருவி தேவை. சில ரெக்கார்ட் பிளேயர்களுக்குள்ளேயே அது இருக்கிறது. இல்லாமல் நேராக ஹெட்போன் ஆம்பில் செருகினால், கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான பழைய எச்எம்வி தட்டு, டப்பாவுக்குள் கொசு பாடுவது போலக் கேட்கும்.

கேசட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெல்லி கரோல்பாகில் இருக்கும் நண்பர் ஒருவரிடம், காலமான அவருடைய அப்பா பாடிய கேசட்டுகள் ஒரு டஜன் இருக்கின்றன. சத்தம் மங்கல், சாகித்யம் புரியவில்லை. நாற்பதாயிரம் ரூபாய் ஆம்ப் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். ஆம்ப், நாடாவில் இருப்பதையும் உயர்த்தும், நாடாவின் 'உஸ்'ஸையும் அதே அளவு உயர்த்தும். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது மோசமான மொழிபெயர்ப்பாளர்கள் செய்யும் வேலை. அவர் வீட்டு டெக்கின் ஹெட்டில் பல வருட அழுக்கு படிந்திருந்தது. பஞ்சில் ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்ததும் பாதி மங்கல் போனது. மீதியை அசிமத் திருகு சரிசெய்தது. ஹெட், நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் முதலில் இழப்பது மேல்ஸ்வரங்களை, அதோடு ச, ஷ போன்ற எழுத்துகளை. பழைய டேப் ரிக்கார்டர்களைப் பழுது பார்ப்பவர் ஒருவர் சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டு, கேட்டுக்கொண்டே திருகினார். ஓரிடத்தில் அப்பாவின் சொற்கள் தெளிந்துவிட்டன. நாடா இன்னும் உதிராமல் இருக்கும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கச் சொன்னேன். ஆம்ப் வாங்கவில்லை.

செல்போன்காரர்களுக்குச் சுருக்கமாக. 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் சாக்கெட்டைக் கைவிட்டது. பிறகு மற்றவர்களில் பலர். அதன் பின் வந்த சின்ன வால் இருக்கிறதே, டாங்கிள், அதற்குள்ளேயே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சில்லும் ஒரு குட்டி ஆம்பும் உள்ளன. ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் சுமார் 1 வோல்ட் தருகிறது. சாதாரண ஹெட்போனுக்கு அதுவே போதும். அதற்கு மேல் ஆம்ப் சேர்ப்பதானால் போனின் வால்யூமை ஏறக்குறைய முழுதாக வைத்து, ஆம்பில் கூட்டிக் குறையுங்கள். தலைகீழாகச் செய்தால் இரைச்சல்தான் பெருகும். ப்ளூடூத் ஹெட்போனுக்கு ஆம்ப் விற்க வருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம். அதன் ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது.

மறுமுனையில் ஹெட்போன். அதே 1 வோல்ட், 32 ஓம் ஹெட்போனில் 31 மில்லிவாட் ஆகிறது. சென்ஹைசரின் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனில் 3 மில்லிவாட்டுக்குக் கொஞ்சம் அதிகம். போனில் முணுமுணுக்கும் ஹெட்போன், ஆம்பில் வாய் திறப்பதற்குக் காரணம் இதுதான். ஆம்புக்கும் சொந்தமாக ஓம் உண்டு. அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நடைமுறை விதி. பழைய ஸ்டீரியோ ரிசீவர்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தை நூற்றுக்கணக்கான ஓம் ரெசிஸ்டர் வழியாக ஹெட்போன் சாக்கெட்டுக்குத் திருப்பியிருப்பார்கள். 16 ஓம் இயர்போனை அதில் செருகினால் தொனியே மாறிவிடலாம். 300 ஓம் ஹெட்போனோ அதே சாக்கெட்டில் பெரும்பாலும் சமர்த்தாகப் பாடும். அப்பாவின் ரிசீவர் பரணில் இருந்தால் முதலில் அதை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள், செலவே இல்லாமல் வேலை முடியலாம்.

கடைக்குப் போவதானால் வீட்டிலிருக்கும் ஹெட்போனையும், கேட்கப் போகும் கருவியையும் எடுத்துப் போங்கள். உங்களிடம் இருப்பதிலேயே எளிதில் சத்தம் தரும் இயர்போனைச் செருகி, பாட்டைத் தொடங்காமல், வழக்கமாக வைக்கும் இடத்தில் வால்யூமை வையுங்கள். 'உஸ்' கேட்டால் அந்த ஆம்ப் உங்களுக்கு வேண்டாம். பாட்டைப் போடும்போது திருகை அடிமட்டத்திலிருந்து ஏற்றுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். திருகில் அந்த 10 டெசிபல், சில ஆம்புகளில், ஒரு விரல் அசைவு.