நிர்வாகக் கல்வியும் சமுதாயப் பொறுப்பும்

"பட்டம் பெற்ற பின் என்ன செய்யப் போகிறாய்?" என்று நம் வகுப்பு நண்பர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன்" என்பார். "படித்து?" என்றால், "பெரிய கம்பெனியில் மேனேஜர் ஆவேன்" என்பார். "ஆகி?" என்ற மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை வருவதில்லை. அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

நிர்வாகி என்பவர் யார்? பிறருடைய பணத்தையும் பிறருடைய உழைப்பையும் கொண்டு தொழில் நடத்துகிறவர். முதல் போட்டவர் ஒருவர். வியர்வை சிந்துகிறவர் வேறொருவர். பொருளை வாங்குகிறவர் மற்றொருவர். ஆலைக்கு அருகில் குடியிருந்து அதன் புகையைச் சுவாசிப்பவர் இன்னொருவர். இந்நால்வரின் வாழ்வும் நிர்வாகியின் ஒரு கையெழுத்தில் அடங்கிக் கிடக்கிறது.

போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். அந்த நச்சுப் பொருளைக் குளிர்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டிய இயந்திரம் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரமும் இயங்கும் நிலையில் இல்லை. இயந்திரத்தை நிறுத்தினால் கணக்கேட்டில் செலவு குறையும். குறைந்த செலவு நிர்வாகத் திறமையாகத் தோன்றும். அந்தத் திறமைக்கு விலை கொடுத்தவர்கள் கணக்கேட்டில் எங்கும் இடம்பெறாத குடிசைவாசிகள்!

"தொழிலுக்கு உள்ள ஒரே சமுதாயப் பொறுப்பு, விதிகளுக்கு உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதே" என்ற கருத்தைப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் எழுதினார். இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிறர் பணத்தை எடுத்துத் தன் பெயருக்கு வள்ளல் பட்டம் தேடும் நிர்வாகி பாராட்டுக்கு உரியவர் அல்லர். இலாபம் ஈட்டாத தொழில் தன் தொழிலாளருக்கே கூலி கொடுக்க முடியாது. ஆனால், 'விதிகளுக்கு உட்பட்டு' என்ற சொற்களில்தான் சிக்கல் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் எப்போது வந்தது? போபாலுக்குப் பின், 1986-இல். சாவு முன்னே வந்தது. சட்டம் பின்னே வந்தது. இடைப்பட்ட காலத்தில் மக்களைக் காக்க வேண்டியது எது? நிர்வாகியின் மனச்சான்று ஒன்றுதான்.

அந்த மனச்சான்றை நிர்வாகப் பள்ளிகள் வளர்க்கின்றனவா? அமெரிக்காவில் 2001-இல் என்ரான் நிறுவனம் வீழ்ந்தபோது, அதன் ஊழியர்கள் பலர் வேலையோடு முதுமைக்கால சேமிப்பையும் இழந்தனர். அதை நடத்தியவர்களில் முதன்மையானவரான ஜெஃப்ரி ஸ்கில்லிங் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பட்டதாரி. நம் நாட்டில் 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் பொய்க்கணக்கு வெளிவந்தது. ஏறத்தாழ 7,000 கோடி ரூபாய்! அதன் தலைவரும் அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்தவரே. அதற்கு முந்தைய மாதம், தலைவரின் குடும்ப நிறுவனங்களைச் சத்யம் விலைக்கு வாங்கும் திட்டத்துக்கு இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழவே, அத்திட்டம் உடனே கைவிடப்பட்டது. அந்தக் குழுவில் நிர்வாகப் பள்ளி ஒன்றின் தலைவரும், ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும் இருந்தனர். பொய்க்கணக்கை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லாட்சியைக் கற்பிக்கும் அறிவு வேறு. நாற்காலியில் அமர்ந்து "கூடாது" என்று சொல்லும் துணிவு வேறு என்பதே என் கருத்து.

பரிகாரங்கள் தேடப்படாமல் இல்லை. பொறுப்புள்ள நிர்வாகக் கல்விக்கான கொள்கைகளை ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆதரவோடு 2007-இல் வகுத்தார்கள். 2009-இல் ஹார்வர்டு மாணவர்கள், மருத்துவர்களைப் போலத் தாமும் ஓர் உறுதிமொழி எடுத்துக்கொண்டனர். நம் நாட்டிலோ 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் நிகர இலாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்றது. இவை யாவும் நல்லவையே. எனினும், இரண்டு சதவீதம் எப்படிச் செலவாயிற்று என்று கேட்கும் நாம், எஞ்சிய தொண்ணூற்றெட்டு சதவீதம் எப்படி ஈட்டப்பட்டது என்று கேட்பதில்லையே! ஆற்றைக் கெடுத்துவிட்டு, ஊருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டித் தருவது பொறுப்பாகுமா?

வேறொரு வழியைக் காட்டிய மனிதர் நம் நாட்டிலேயே இருந்தார். அவர் ரவி மத்தாய். ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநர். 1965-இல் பொறுப்பேற்ற அவர், 1972-இல் தாமே பதவியை விட்டிறங்கி, அதே நிறுவனத்தில் சாதாரணப் பேராசிரியராகத் தொடர்ந்தார். பதவியைப் பிடித்துத் தொங்குவோரைக் கண்டு பழகிய நமக்கு இதுவே பெரிய பாடம்! பின்னர் 1975-இல் இராஜஸ்தானத்தின் ஜவாஜா என்ற வறண்ட பகுதிக்குச் சென்றார். வளமற்ற இடம் என்று பிறர் ஒதுக்கிய அங்கே, மக்களின் கைத்திறனையே அவர் வளமாகக் கண்டார். நெசவாளரும் தோல் தொழிலாளரும் வடிவமைப்பையும், கணக்கையும், சந்தையையும், வங்கியோடு பேசும் முறையையும் கற்றனர். வெளியிலிருந்து வந்தவர்கள் ஒருநாள் விலகிக்கொள்ள வேண்டும், மக்கள் தம் காலிலேயே நிற்க வேண்டும் என்பதே குறிக்கோள்.

1979-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் வர்கீஸ் குரியன் தொடங்கிய ஊரக மேலாண்மைக் கழகமும் இவ்வழியில் வந்ததே. பால் கறக்கும் உழவரின் கூட்டுறவுக்கும் பயிற்சி பெற்ற நிர்வாகி தேவை என்றார் அவர். அங்கே மாணவர்கள் கிராமங்களில் தங்கிப் பயில்வது பாடத்திட்டத்தின் பகுதியாக இருந்தது. அங்குப் படித்தோரில் பலர் பின்னர் தனியார் நிறுவனங்களை நாடினர் என்ற குறையும் உண்டு. ஆயினும், தன் முடிவால் பாதிக்கப்படும் மனிதரின் முற்றத்தில் ஒருமுறை அமர்ந்து உண்டவர், அவரை வெறும் எண்ணாகக் கருதுவது கடினம்.

எனவே நான் வேண்டுவன இரண்டு. ஒழுக்கத்தை ஒரு தனித்தாளாக வைத்துத் தேர்வோடு மறக்கச் செய்யாமல், ஒவ்வொரு பாடத்திலும் கலக்க வேண்டும். அடக்கவிலைக் கணக்குப் போடும்போதே, "இச்செலவைக் குறைத்தால் யாருக்கு ஆபத்து?" என்ற வினாவும் விடைத்தாளில் இருக்க வேண்டும். அடுத்து, எந்தப் பள்ளியானாலும் மாணவர் ஒரு பருவமாவது தொழிலாளர் குடியிருப்பிலோ கிராமத்திலோ வாழ்ந்து பயில வேண்டும்.

நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இது புதிதன்று. நம்மில் பலர் வயலிலிருந்தும், தறிக்கூடத்திலிருந்தும், மில் வீதியிலிருந்தும் வந்தவர்கள். கூலி தள்ளிப்போனால் அடுப்பு எரியாது என்பதை நமக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய பள்ளிகள் செலவிட்டுக் கற்பிக்க வேண்டிய பாடத்தை நாம் வீட்டிலேயே கற்றிருக்கிறோம். அதை மறப்பதற்காகவா மேற்படிப்புக்குப் போக வேண்டும்?

நாளை நம்மில் ஒருவர் மேனேஜர் நாற்காலியில் அமரலாம். செலவைக் குறைக்கும் தாள் ஒன்று கையெழுத்துக்காக மேசைக்கு வரலாம். அந்தத் தாளின் மறுபக்கத்தில் தன் தந்தையைப் போன்ற ஒருவர் நிற்கிறார் என்று எண்ணிப் பேனாவை ஒரு கணம் நிறுத்துவாரானால், அதுவே "ஆகி?" என்ற மூன்றாவது கேள்விக்கு அவர் தரும் விடை.