தமிழ்நிலத்தில் அயலார்

சப்பானில் வாழும் அயல்நாட்டார்க்குக் கட்டுப்பாடு உண்டு. 16 அகவை நிரம்பியோர் தம் உறைவிடச் சீட்டை எந்நேரமும் உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். வீடு மாறினால் 14 நாள்களுக்குள் நகராட்சிக்குத் தெரிவித்தல் வேண்டும். 2012-இல் வந்த முறை இது. முன்பிருந்த பதிவுமுறையிற் கைவிரல் அடையாளமும் வாங்கினர். அங்கேயே பிறந்து வளர்ந்த கொரியர் 1980-களில் அதனை மறுத்துப் போராடினர். 2000-இல் அவ் வழக்கம் முற்றும் ஒழிந்தது. இன்று தோக்கியோவிற் பணிபுரியும் தமிழிளைஞர் ஒருவர், சீட்டைச் சட்டைப்பையிலிட்டு, விடுமுறை நாளிற் கியோத்தோவுக்குச் சென்று பழங்கோயில்களைக் கண்டு, விரும்பினால் மறுநாளும் தங்கித் திரும்பலாம். மொழி வேறு, இனம் வேறு, உணவு வேறு; ஆயினும் எங்குச் செல்வது, என்று திரும்புவது என்பதை அவரே முடிவு செய்கின்றார்.

இனிக் கவரைப்பேட்டைத் தொடர்வண்டி நிலையத்தை நோக்குக. கும்மிடிப்பூண்டியினின்று சென்னை செல்லும் காலை வண்டியில் வண்ணப்பூச்சுக் கறை படிந்த உடையோடு இளைஞர் சிலர் அமர்ந்திருப்பர். அவர் பேசுவது யாழ்ப்பாணத்துத் தமிழ், திருகோணமலைத் தமிழ். அவருள் பலர் அவ்வூர்களைக் கண்ணாற் கண்டதே இல்லை. கும்மிடிப்பூண்டி ஏதிலியர் குடியிருப்பிற் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியிற் பயின்று, சென்னைச் சுவர்களுக்கு வண்ணம் பூசுவோர் அவர். எனினும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் அயலார்!

அதே வண்டியில் பீகாரினின்றும் ஒடிசாவினின்றும் வந்து கும்மிடிப்பூண்டிச் சிப்காட் ஆலைகளிற் பணிசெய்வோரும் இருப்பர். அவ் வுழைப்பாளரைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. வயிற்றுக்காக வந்தோர் அவர். ஆயின், அவர்க்கு இந்நிலத்தில் எத் தடையுமில்லை. ஈழத்தமிழரோ திங்கள்தோறும் கணக்கெடுப்பு நாளன்று குடும்பத்தோடு வருவாய்த்துறை அலுவலர்முன் நேரில் நிற்றல் வேண்டும். வெளியூரிற் பலநாள் தங்கவேண்டின் இசைவு பெறவேண்டும். திருமணமோ இழவோ கடற்கரை காண்பதோ, எதுவாயினும் இக்கணக்குக்கு உட்பட்டதே.

1983 ஆடிக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து வந்தோரைத் தமிழ்நாடு கைந்நீட்டி ஏற்றது. 1991 மே 21-ஆம் நாள் நிகழ்ந்த கொலைக்குப் பின் நிலை மாறிற்று, கட்டுப்பாடுகள் இறுகின. அக்கொலைக்குப் பல்லாண்டு கழித்துப் பிறந்த குழவியும் அவ் வையத்தை இன்றும் சுமக்கின்றது. இது எவ்வகை முறை?

2021-இல் தமிழக அரசு 317 கோடியே 40 இலக்க உருபாவில் நலத்திட்டம் அறிவித்து, 7,469 புதுவீடுகளுக்கும் வழி செய்தது. குடும்பத் தலைவர்க்குரிய திங்கள் உதவியை 1,000 உருபாவினின்று 1,500 ஆக உயர்த்திற்று. இவை பாராட்டத் தக்கன. 'அகதிகள் முகாம்' என்னும் பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாறிற்று. 'அகதி' தமிழன்று, அது போனது நன்றே. 'முகாம்' மட்டும் பெயர்ப்பலகையிலும் மண்ணிலும் நின்றுவிட்டது.

முட்டுக்கட்டை தில்லியில் இருக்கின்றது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச்சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்த இந்துக்களுக்கும் கிறித்தவர்க்கும் பிறர்க்கும் வாயில் திறந்தது, இலங்கையை விட்டது. ஈழத்தமிழருள் இந்துக்கள் இல்லையோ? கிறித்தவர் இல்லையோ? 2025 செப்டம்பரில், 2015 சனவரி 9 வரை வந்து பதிவுசெய்துகொண்ட ஈழத்தமிழர்க்குக் கடவுச்சீட்டு இன்மைக்காக ஒறுப்பில்லை என நடுவணரசு ஆணையிட்டது. ஒறுப்பு நீங்கிற்று, உரிமை வந்திலது.

பிறப்பால் உரிமை கேட்கலாமே எனின், அதற்கும் ஒரு கோடு கிழித்துள்ளனர். 1987 சூலை 1-க்கு முன் இந்நாட்டிற் பிறந்தோரே பிறப்பொன்றாற் குடிமக்கள். 1986-இல் மண்டபம் முகாமிற் பிறந்த பெண்ணொருவர் அவ்வழியே வழக்காடி, 2022-இல் உயர்முறைமன்ற மதுரைக்கிளையிற் கடவுச்சீட்டுக்கு ஆணை பெற்றார். 2024-இல் வாக்கும் அளித்தார். கும்மிடிப்பூண்டிக் குடியிருப்போ 1990-இல் அமைந்தது. அங்கு ஏதிலிப் பெற்றோர்க்குப் பிறந்த ஒரு பிள்ளைக்கும் இவ்வழி இல்லை.

நடுவணரசு இக்கோட்டை மாற்றுமளவும் தமிழக அரசு வாளாவிருக்க வேண்டுவதில்லை. நேரில் நிறுத்தும் கணக்கெடுப்பைத் தளர்த்தலாம். வெளியூர்த் தங்கலுக்கு இசைவு கேட்பதை, சப்பானிற்போல, வெறும் தெரிவிப்பாக்கலாம். அதுவரை, கணக்கெடுப்பு நாளில் அவ் வண்ணப்பூச்சு இளைஞர் ஒருநாட் கூலியை இழந்து, வரிசையில் நின்று, தம் பெயரைக் கூப்பிடக் கேட்டு 'உள்ளேன்' என்பர்.