மனுப் போடும் வாசல்கள்

உத்தியோகம் தேடுகிறவர்கள் காகித மனுவை விரும்புகிறார்களா, இணைய மனுவை விரும்புகிறார்களா என்று கேட்போர், தேடுகிறவர் எல்லாரும் ஒரே வகையினர் என்று பாவித்துக்கொண்டு கேட்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போடுகிறவர்களில் பழைய முறை மீண்டும் வர வேண்டுமென்று கோருவோர் அபூர்வம். சான்றிதழ் நகல்களில் பச்சை மையால் ஒரு கையெழுத்து வாங்குவதற்காக, முன்பின் அறியாத கெஜட்டட் அதிகாரியின் அலுவலகத்தில் அரை நாள் காத்துக் கிடந்து, 'அசல் எங்கே?' என்னும் அதட்டலையும் சகித்து, பிறகு வங்கியில் வரிசையில் நின்று டிராப்ட் எடுத்து, எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் சேர்த்தபின், அது கடைசித் தேதிக்குள் சென்னை போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று கலங்கியிருந்த தலைமுறைக்கு, அந்த நாட்களை எண்ணி ஏங்க நியாயமில்லை. 2022-ல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வுக்கு மட்டும் ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அத்தனை உறைகளையும் பிரித்து அடுக்குவதற்கு எந்தக் கட்டடம் போதும்?

ஆனால் அதிகாரியின் வாசல் அடைபட்ட இடத்தில் கம்ப்யூட்டர் சென்டரின் வாசல் திறந்திருக்கிறது. கடைசித் தேதிக்கு முந்திய நாள் மாலையில் எந்தத் தாலுகா ஊரிலும் அதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள் அடங்க வேண்டும் என்ற விதியின் பொருள் விளங்காத பெண், வயற்காட்டிலுள்ள தகப்பனாரின் போனுக்குப் போய்விட்ட ஓடிபியைக் கேட்டுச் சொல்லும்படி அண்டை வீட்டுக்காரரைக் கெஞ்சிக்கொண்டிருக்க, பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்களே என்ற அவசரத்தில் சென்டர்காரர் தம்முடைய மின்னஞ்சலையே அவள் பதிவில் இட்டு வேலையை முடித்துவிடுகிறார். ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லுபடி. அவருடைய கூலி தனி. பிழைகளைத் திருத்திக்கொள்ளத் தேர்வாணையம் சில நாள் அவகாசம் தருவது மெச்சத்தக்கதுதான். எனினும் கடவுச்சொல் சென்டர்காரரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்குமாயின், அந்த அவகாசத்தால் அவளுக்கு என்ன பிரயோஜனம்?

தனியார் வேலையின் கதை வேறு. திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் 'டெய்லர், செக்கிங் ஆட்கள் தேவை' என்ற பலகையைக் கண்டு உள்ளே போகிறவனை மெஷினில் உட்கார வைத்துத் தைத்துக் காட்டச் சொல்கிறார்கள். ஆகும், ஆகாது என்பது அப்போதே தெரிந்துவிடும். வேலைத்தளங்களில் சுயவிவரம் அனுப்பும் பட்டதாரிக்கோ, கிணற்றில் போட்ட கல்லாக, 'இல்லை' என்ற ஒரு சொல்கூடத் திரும்பி வருவதில்லை. அவன் தெரிந்தவரின் சிபாரிசைத் தேடி அலைவதைப் பழமை மோகம் என்று பரிகசிப்பது அநியாயம். பதில் சொல்ல ஓர் ஆளைத்தான் அவன் தேடுகிறான்.

அத்தகைய ஆளை உட்கார வைக்க இடம் ஏற்கெனவே இருக்கிறது. யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர 1945-ல் ஏற்பட்டவை வேலைவாய்ப்பு அலுவலகங்கள். காலியிடங்களைத் தெரிவிக்க வேண்டும் என்ற 1959-ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே பதிந்தவரைத்தான் அமர்த்த வேண்டுமென்று நிர்ப்பந்திக்கவில்லை. பதிவும் இப்போது இணையத்துக்கே போய்விட்டது. அந்த அலுவலகங்கள், தேர்வு அறிவிப்பின் கடைசி வாரத்தில், ஞாயிறு உட்பட, இரவு எட்டு மணி வரை ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து, மனுதாரரின் சொந்த போன் எண்ணிலேயே, இலவசமாக மனுவை நிரப்பித் தரட்டும்; நிரப்பியவர் தம் பெயரெழுதிக் கையெழுத்திட்ட ஒரு ரசீதும் கொடுக்கட்டும்.